சிறையில் இருப்பவர்களுக்கு ஓட்டுரிமையைத் திருப்பிக் கொடுக்கலாமா?

நீலவானம்:
ரொம்ப நாளாக மனதில் இருக்கும் கேள்வி இது. ஒருவரைச் சிறைக்கு அனுப்பும்போது நீதிபதி இத்தனை வருடம் என்கிறார், அபராதம் இவ்வளவு என்கிறார். ஓட்டுரிமை போகும் என்று தீர்ப்பில் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது, ஆனாலும் பல நாடுகளில் அது தானாகவே போய்விடுகிறது. தண்டனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளே இருப்பவரின் மருத்துவம், வேலைக்கூலி, பரோல் எல்லாவற்றுக்கும் விதி போடுவது அரசாங்கம்தான், அந்த அரசாங்கத்தைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் அவருக்கு ஏன் இடமில்லை? எதிர்ப்பவர்களும் காரணத்தைச் சொல்லுங்கள், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கடலோடி:
நான் எதிர்க்கிறேன். கொலை செய்தவரும், கொலையானவரின் அம்மாவும் ஒரே தேர்தலில் சம மதிப்போடு ஓட்டுப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பாதிக்கப்பட்ட குடும்பத்தைப் பற்றி இந்த மாதிரி விவாதங்களில் யாரும் பேசுவதே இல்லை. தண்டனை முடிந்து வெளியே வந்ததும் கொடுங்கள், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் கொடுங்கள். அதுவரை காத்திருக்கட்டும்.

வழிப்போக்கன்:
சிறையில் இருக்கும் எல்லாரும் தண்டனை பெற்றவர்கள் இல்லை, அதை முதலில் பேச வேண்டும். இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு, சிறையிலோ போலீஸ் காவலிலோ இருப்பவர் ஓட்டுப் போடக்கூடாது என்கிறது, தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி என்று பிரித்தே பார்ப்பதில்லை. 2022 இறுதிக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் 5.73 லட்சம் பேர் இருந்தார்கள், அதில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருடைய வழக்கு இன்னும் முடியவே இல்லை!

எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான்: கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்று, மேல்முறையீடு செய்து ஜாமீனில் வெளியே வந்தவர் வாக்குச்சாவடிக்குப் போய் ஓட்டுப் போடலாம், ஆனால் எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாத, ஜாமீன் கொடுக்க ஆள் கிடைக்காத ஒருவர் போட முடியாது. அப்படியென்றால் ஓட்டைப் பறிப்பது குற்றமா, ஏழ்மையா? அப்புறம் தடுப்புக் காவலில், அதாவது குற்றம் செய்துவிடக்கூடும் என்று முன்கூட்டியே பிடித்து வைக்கப்பட்டு இருப்பவருக்குத் தபால் ஓட்டு உண்டு, அதே சிறையில் இருக்கும் விசாரணைக் கைதிக்குக் கிடையாது. 2024 மக்களவைத் தேர்தலில் காஷ்மீரின் பாராமுல்லாவில் வென்ற இன்ஜினியர் ரஷீத் அப்போது திகார் சிறையில் விசாரணைக் கைதி. தேர்தலில் நிற்கலாம், எம்.பி. ஆகலாம், ஓட்டு மட்டும் போட முடியாது. உச்ச நீதிமன்றம் 1997-இல் அனுகுல் சந்திர பிரதான் வழக்கில் இந்தத் தடை செல்லும் என்றது. சொன்ன காரணங்களில் போலீஸ் பாதுகாப்பும் ஆள் பற்றாக்குறையும் உண்டு. தபால் ஓட்டுக்கு அதெல்லாம் பெரிய தடையாகவே எனக்குத் தெரியவில்லை.

மழைக்குருவி:
நடைமுறையில் முடியுமா என்ற சந்தேகமே வேண்டாம், செய்து காட்டிய நாடுகள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம் 1999-இல், கைதிகள் பெயரைப் பதிந்து அவர்கள் ஓட்டுப் போட ஏற்பாடு செய்யும்படி தேர்தல் ஆணையத்துக்கே உத்தரவு போட்டது. அந்தத் தீர்ப்பை எழுதிய ஆல்பி சாக்ஸ், நிறவெறி ஆட்சியில் தனிமைச் சிறையில் கிடந்தவர். பிறகு அரசு சட்டத்தைத் திருத்திப் பலருடைய ஓட்டைத் தடுக்கப் பார்த்தது, 2004-இல் அதுவும் ரத்தானது. கனடாவில் 2 வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர்களுக்கு இருந்த தடையை உச்ச நீதிமன்றம் 2002-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் நீக்கியது. அங்கேயே நீதிபதிகள் இரண்டாகப் பிரிந்துதான் நின்றார்கள் என்பதால் கடலோடி சொல்வதை அலட்சியமாக ஒதுக்க நான் தயாரில்லை.

சிறை இருக்கும் ஊரின் முடிவைக் கைதிகளே தீர்மானித்துவிடுவார்கள் என்ற பயத்தையும் அடிக்கடி கேட்கிறேன். அமெரிக்காவில் மெயின், வெர்மாண்ட் மாநிலங்களில் எந்தக் குற்றத்துக்காக உள்ளே இருந்தாலும் ஓட்டு உண்டு, அது கைதி முன்பு வாழ்ந்த ஊரின் கணக்கில்தான் சேரும்.

கடலோடி:
விசாரணைக் கைதிகளுக்குக் கொடுப்பதில் எனக்கு மறுப்பே இல்லை, நான் பேசியது தண்டனைக் கைதிகளைப் பற்றி. கொடிய குற்றமென்றால் நீதிபதியே தீர்ப்பில் தனியாக எழுதி ஓட்டை எடுக்கட்டும், மற்றவர்களுக்கு விட்டுவிடலாம். இது நியாயம்தானே?

நீலவானம்:
தானாகப் பறிபோவதைவிட இது எவ்வளவோ மேல். ஜெர்மனியில் கிட்டத்தட்ட இந்த முறைதான், நீதிமன்றம் தனியாக உத்தரவிட்டால்தான் ஓட்டு போகும், அதுவும் 2 முதல் 5 வருடம் வரைதான். ஆனால் அங்கே அது தேசத்துரோகம், தேர்தல் மோசடி போன்ற சில குற்றங்களுக்கு மட்டுமே, கொலைக்கு இல்லை. ஜனநாயகத்தையே தாக்கிய குற்றத்துக்கு ஓட்டு போவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது, மற்ற குற்றங்களுக்கு அந்தப் பொருத்தம் எனக்குத் தெரியவில்லை.

மழைக்குருவி:
"வெளியே வந்ததும் கொடுங்கள்" என்பதும் கேட்க எளிதாக இருக்கிறது, நடப்பது வேறு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2018 நவம்பரில், கொலையும் பாலியல் குற்றமும் தவிர மற்றவற்றில் தண்டனையை முடித்தவர்களுக்கு ஓட்டுரிமையைத் திருப்பிக் கொடுக்கச் சுமார் 64 சதவீத மக்கள் ஆதரவாக வாக்களித்தார்கள். அடுத்த வருடமே அபராதம், நீதிமன்றக் கட்டணம் எல்லாவற்றையும் கட்டி முடித்தால்தான் தண்டனை முடிந்ததாக அர்த்தம் என்று மாநிலச் சட்டசபை சட்டம் போட்டது. பணம் கட்ட முடியாதவர் வெளியே வந்தும் ஓட்டில்லாமல்தான் இருக்கிறார். அதனால் எந்த நாட்டில் இப்படிச் சட்டம் எழுதினாலும், பாக்கி இருந்தாலும் ஓட்டு உண்டு என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும்.