மறு: ஸ்பைனா பிஃபிடா: பிளவா, மூடாமையா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

குழந்தையின் முதுகெலும்பு முழுதாக மூடாமல் போகும் பிறவிக் குறைபாடு ஸ்பைனா பிஃபிடா. அதற்குத் தமிழில் 'முதுகெலும்புப் பிளவு' என்று குழுமத்தில் ஐயா முன்மொழிந்தது சொல்லுக்குச் சொல் சரிதான். லத்தீனில் ஸ்பைனா என்றால் முள், முதுகெலும்பு. பிஃபிடா என்றால் இரண்டாகப் பிளந்தது. அன்னப்பிளவு, உதட்டுப்பிளவு வரிசையிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

பிளப்பதற்கு முதலில் ஒன்று முழுசாக இருக்க வேண்டும். விறகைப் பிளக்கிறோம், நிலம் பிளக்கிறது. இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. கருவின் முதுகுப் பக்கம் தட்டையாக இருக்கும் படலத்தின் இரண்டு விளிம்புகளும் எழும்பி, ஒன்றையொன்று தொட்டு, குழலாக ஒட்டிக்கொள்ள வேண்டும். பின்னால் மூளையும் தண்டுவடமுமாக ஆகப்போகும் இந்த நரம்புக்குழல் கரு உருவாகி 28 நாளுக்குள் மூடிவிடும். கீழ்ப்பகுதி மூடாமல் நின்றுவிட்டால் அதன்மேல் வளரவேண்டிய எலும்பு வளைவும் சேராது. நாள் தள்ளிப்போனதே பலருக்கு அப்போது தெரிந்திருக்காது. இந்தக் குறை வராமல் தடுக்க உதவும் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைத் தினம் 400 மைக்ரோகிராம் என்று கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்வது அதனால்தான்.

இவ்வளவு நோண்டுவதற்குக் காரணம், பெற்றோருக்கான ஒரு கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 'பிளவு' என்றதும் நம் வீடுகளில் வரும் முதல் கேள்வி, "கிரகணத்தன்று அரிவாள்மனையைத் தொட்டியா?" பழி தாயின் தலையில். அந்தக் கேள்விக்குச் சொல்லே வாசல் திறந்துவிடக் கூடாது.

முதலில் 'மூடா முள்ளந்தண்டு' என்று எழுதினேன். ஓயா மழை, வாடா மலர் போல இலக்கணம் சுத்தம், மோனையும் உண்டு. சத்தமாகப் படித்தபோது அடுக்களையிலிருந்து மனைவி கேட்டார்: "யாரை மூடா என்று திட்டுகிறீர்கள்?" சரி, அது போயிற்று.

ஆகவே 'முள்ளந்தண்டு மூடாமை'. இலங்கை நண்பர்களுக்கு முள்ளந்தண்டு பள்ளிக்கூடத்துச் சொல். லத்தீன்காரர் வைத்த அதே முள் அதிலும் இருக்கிறது.

வகைகளில், தண்டுவடத்தின் உறை மட்டும் பைபோல் வெளியே தள்ளியிருந்தால் 'உறைப்பிதுக்கம்'. தண்டுவடமும் சேர்ந்து வந்திருந்தால் 'தண்டுவட உறைப்பிதுக்கம்'. கால் அசைவும் சிறுநீர்க் கட்டுப்பாடும் பெரிதும் பாதிக்கப்படுவது இதில்தான்.

சொல் கிடைக்காமல் சிக்கியிருப்பது ஒக்கல்ட்டா வகை, அதாவது எதுவும் வெளியே தள்ளாமல் தோலுக்கடியில் மறைந்திருப்பது. பெரும்பாலும் தொல்லை தராது. வேறெதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தெரியவரும். சிலருக்கு இடுப்புக்கு நேரே முதுகில் ஒரு கொத்து முடியோ சிறு குழியோ இருக்கும், அவ்வளவுதான். 'மறை மூடாமை' என்று போட்டால் மூடியதா, மூடாததா என்றே குழம்புகிறது. இதற்கு யாராவது ஒரு சொல் தாருங்கள்.