தாழ்த்திய மைவி காருக்கு அடியில் ஜேக் நுழையவில்லை, வீட்டில் வைத்து எப்படித் தூக்குவது?

செத்தாபாக்_மைவி எழுதியது:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. போன வருஷம் ஒரு பழைய 2012 மைவி வாங்கினேன், ஆட்டோ கியர். முதலில் வைத்திருந்தவர் காரின் உயரத்தை நன்றாக இறக்கிவிட்டிருந்தார். பார்க்க அழகுதான், ஆனால் எங்கள் தாமான் (குடியிருப்பு) நுழைவாயில் மேட்டில் ஏறும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன்.

எண்ணெய் மாற்றுவதையும் முன் பிரேக் பேட் மாற்றுவதையும் வீட்டிலேயே செய்து பழகலாம் என்று சக்கரம் வைத்த 2 டன் டிராலி ஜேக் ஒன்று வாங்கி வந்தேன். முழுக்க இறக்கினாலும் அதன் தலை தரையிலிருந்து 135 மில்லிமீட்டரில் நிற்கிறது. கதவுக்கு அடியில் ஜேக் வைக்கிற இடத்தை டேப் வைத்து அளந்தால் 105தான். முன்னால் பம்பருக்கு அடியில் தள்ளலாம் என்றால் பம்பருக்குக் கீழே ஒட்டியிருக்கிற லிப் இடிக்கிறது.

நேற்று காரோடு வந்த கத்தரி ஜேக்கால் ஒரு பக்கத்தைத் தூக்கி, கீழே இரண்டு சிமெண்டு கல்லை அடுக்கி, என் தலையை உள்ளே விடப் போன நேரத்தில் அப்பா வந்துவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆன்ட்டியே வெளியே வந்து பார்த்தார். இறக்கிவிட்டேன். வாடகை வீடு, போர்ச்சில் டைல்ஸ், கேட் பக்கம் கொஞ்சம் சரிவு. சரியான முறை என்னவென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பிறை_பழைய_போமென் எழுதியது:

தம்பி, முதலில் உங்கள் அப்பாவுக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுங்கள். சிமெண்டு கல்லைப் பார்த்தால் இரும்பு மாதிரிதான் தெரியும், ஆனால் சுமை ஒரே ஓரத்தில் விழுந்தால் முன்கூட்டி ஒரு சத்தம்கூடக் கொடுக்காமல் நொறுங்கும். மரம் அப்படியில்லை, நசுங்கும், முனகும், விலக ஒரு நொடியாவது கிடைக்கும். கத்தரி ஜேக் டயர் மாற்ற மட்டும். அதன் மேல் இருக்கிற காருக்குக் கீழே விரல்கூடப் போகக்கூடாது.

ஜேக் நுழையவில்லை என்றால் காரை முதலில் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளுங்கள். பலகைக் கடையில் 2 அங்குலம் கனம், 8 அங்குலம் அகலத்தில் கனமான மரமாகக் கேட்டு, 3 அடி நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டி வாங்குங்கள். ஏறுகிற முனையைச் சாய்வாகச் சீவிவிடுங்கள், மறுமுனையில் டயர் தாண்டிப் போகாமல் ஒரு கட்டையை ஆணியால் அல்ல, ஸ்குரூவால் அடியுங்கள். முன் டயர் இரண்டையும் அதன் மேல் ஏற்றினால் முன்பக்கம் 50 மில்லிமீட்டர் உயரும். கதவுக்கு அடியில், முன் டயர் பக்கம், உங்கள் 105 கிட்டத்தட்ட 150 ஆகிவிடும். 135 ஜேக் உள்ளே போகும்.

ஆனால் கதவுக்கு அடியில் ஜேக் வைத்தால், தூக்கிய காரைத் தாங்கி நிற்கிற ஸ்டாண்டை எங்கே வைப்பீர்கள்? இரண்டுக்கும் அதே ஒரே இடம்தான். தகடு கீழ்நோக்கி மடிந்திருக்கும், அந்த மடிப்பில் இரண்டு சின்ன வெட்டு தெரியும், அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும்தான் பலம். அதனால்தான் நாங்கள் முன்பக்கத்தை நடுவில் தூக்குவோம். எஞ்சினுக்குக் கீழே குறுக்காகப் போகிற கனமான இரும்புதான் இடம். எண்ணெய்த் தொட்டி இல்லை, ரேடியேட்டரைத் தாங்குகிற மெல்லிய சட்டமும் இல்லை. நடுவில் தூக்கிவிட்டு, இரண்டு பக்கமும் அந்த வெட்டுகளுக்கு நடுவில் ஸ்டாண்டு வையுங்கள். மடிப்பு நசுங்காமல் இருக்கக் நடுவில் பள்ளக் கோடு வெட்டிய ரப்பர் கட்டை ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

தாழ்ந்த காரில் இன்னொரு தொல்லை இருக்கிறது. ஜேக்கை நடு வரைக்கும் தள்ளிவிட்டால் கைப்பிடியை மேலும் கீழும் ஆட்ட இடம் இருக்காது, பம்பர் தடுக்கும். பலகை மேல் கார் நின்றால் அதற்கும் வழி கிடைக்கும். முதலில் பாதிப் பாதியாகத்தான் அடிக்க முடியும், பொறுமையாக அடியுங்கள்.

---

கெப்போங்_நியோ எழுதியது:

பலகை எல்லாம் சரி, ஆனால் வருஷத்துக்கு நாலு தடவை தூக்கப் போகிறவர் என்றால் தாழ்ந்த ஜேக் ஒன்று வாங்கிவிடுவதுதான் நிம்மதி. 75, 80 மில்லிமீட்டர் வரைக்கும் இறங்குகிறது உண்டு. கீழே எவ்வளவு இறங்கும் என்பதை மட்டும் பார்க்காமல் மேலே எவ்வளவு போகும் என்பதையும் பாருங்கள். நான் அவசரப்பட்டு வாங்கிய முதல் ஜேக் அழகாக உள்ளே போனது, ஆனால் முழுக்கத் தூக்கினாலும் என்னிடம் இருந்த ஸ்டாண்டு அடியில் நுழையவில்லை.

டயரை ஏற்றி நிறுத்துகிற சாய்தளம் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். டயர் தொடுவதற்கு முன்னால் உங்கள் லிப் தொட்டுவிடும், அதற்கும் முன்னால் ஒரு பலகை போட வேண்டியிருக்கும். எண்ணெய் மாற்ற மட்டும் சாய்தளம் போதும். பிரேக்குக்கு டயரைக் கழற்ற வேண்டும், அதற்கு உதவாது.

---

கெளுகோர்_சாகா எழுதியது:

தம்பி, எல்லாரும் காரைப் பற்றியே பேசுகிறார்கள், நான் தரையைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கும் வாடகை வீடு, போர்ச்சில் வழுவழு டைல்ஸ். ஜேக் தூக்கும்போது அதன் தலை நேராக மேலே போவதில்லை, வில் மாதிரி வளைந்து போகும். அதற்கு ஏற்ற மாதிரி ஜேக் தானாகச் சக்கரத்தில் கொஞ்சம் உருள வேண்டும். என் ஜேக்கின் இரும்புச் சக்கரம் இரண்டு டைலுக்கு நடுவில் இருந்த கோட்டில் மாட்டிக்கொண்டது. நான் கவனிக்காமல் அடித்துக்கொண்டே இருந்தேன். ஜேக் உருளாததால் கார் அதன் தலையில் இழுபட்டது. க்ரீச் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், தலை அரை அங்குலம் நழுவி நின்றது. ஸ்டாண்டு வைத்த டைல் வேறு தனியாக உடைந்தது, வீட்டுக்காரர் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்.

இப்போது ஜேக்குக்கும் ஸ்டாண்டுக்கும் கீழே முக்கால் அங்குல பிளைவுட் போடுகிறேன், அதற்கும் கீழே பழைய ரப்பர் பாய். உங்கள் பலகைகளுக்குக் கீழேயும் ரப்பர் போடுங்கள், இல்லையென்றால் கார் ஏறும், பலகை பின்னால் ஓடும். மத்தியானம் மழை வந்து போர்ச்சுக்குள் தண்ணீர் அடித்தால் அன்றைக்கு வேலையே வேண்டாம்.

அப்புறம் சரிவு. முன்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக் பின் டயரைப் பிடித்திருக்கும், அதோடு பின் டயருக்குப் பின்னால், கேட் பக்கம், இரண்டு ஆப்பு கொடுத்தால் சரி. பின்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக் பிடிக்கிற டயர்கள் காற்றில் இருக்கும், அதனால் பயனே இல்லை. கியரை பி-யில் (பார்க்கிங்) போட்டு, முன் டயர் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் ஆப்பு கொடுக்க வேண்டும். சரிவான போர்ச்சில் அதை நான் செய்யவே மாட்டேன், சமமான இடமாகப் பார்ப்பேன்.

---

செந்தூல்_டயர் எழுதியது:

கொஞ்சம் காசு மிச்சம் பிடிக்க இவ்வளவு பாடா லா. கடையில் கொடுத்தால் அரை மணி நேரம், நீங்கள் பக்கத்து மாமாக்கில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

---

பிறை_பழைய_போமென் எழுதியது:

அதுவும் நியாயம்தான், ஆனால் தாழ்ந்த காரைக் கடையில் விட்டாலும் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். லிப்ட்டின் கை காரின் பக்கவாட்டு ஸ்கர்ட்டில் பட்டு உடைந்ததை நானே எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். சரி, கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற பையனைத் தடுக்க வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம். டயர் நட்டைக் கார் தரையில் நிற்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள், தூக்கிய பிறகு முழு பலத்தோடு இழுத்தால் காரும் சேர்ந்து ஆடும். ஸ்டாண்டில் இறக்கி உட்கார வைத்ததும், கீழே போவதற்கு முன் பம்பர் ஓரத்தைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். கழற்றிய டயரைக் காருக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள், ஜேக்கையும் லேசாகத் தொட்ட மாதிரி அப்படியே விடுங்கள். ஜேக்கை மட்டும் நம்பாதீர்கள், உள்ளே இருக்கிற ரப்பர் சீல் தேய்ந்தால் அது தானாக இறங்கும்.

ஸ்டாண்டில் உயரத்தைப் பிடித்து நிறுத்துகிற பல் முழுக்கப் பொருந்தியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். 2020-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கருவிக் கடை 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. பல் சரியாகப் பிடிக்காமல் சுமையோடு கீழே இறங்கிவிடும் என்பதுதான் காரணம். மாற்றிக் கொடுத்ததிலும் சிலவற்றை மறுபடி திரும்பப் பெற்றார்கள். துளையில் இரும்புப் பின் குத்துகிற வகை கிடைத்தால் அதை வாங்குங்கள்.

---

செத்தாபாக்_மைவி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பலகை, ரப்பர் பாய், பிளைவுட், பின் குத்துகிற ஸ்டாண்டு எல்லாம் வாங்கி, நேற்று முன்பக்க வேலையை முடித்தேன். அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார், கடைசியில் பம்பரை அவரும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார்.

இன்று மாமா வீட்டுச் சமமான சிமெண்டுத் தரையில், கெளுகோர் அக்கா சொன்ன மாதிரி ஆப்பு கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கினேன். கார் இப்போது ஸ்டாண்டில்தான் இருக்கிறது. டயர் தொங்கியதும் பின் ஸ்ப்ரிங் லொடலொட என்று ஆடுகிறது, கையால் சுற்றினால் சுற்றுகிறது. இது இப்படித்தான் இருக்குமா?

---

பிறை_பழைய_போமென் எழுதியது:

கையை எடுங்கள் முதலில். ஸ்ப்ரிங்கின் நுனியை டார்ச் அடித்துப் பாருங்கள். கிரைண்டரால் வெட்டிய மாதிரி சப்பையாக, அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் இல்லாமல் துரு பிடித்திருக்கிறதா?

---

செத்தாபாக்_மைவி எழுதியது:

ஆமாம் அண்ணே. இரண்டு பக்கமும்.

---

பிறை_பழைய_போமென் எழுதியது:

அப்படியென்றால் முந்தினவர் தாழ்த்துகிற ஸ்ப்ரிங் வாங்கவில்லை, பழைய ஸ்ப்ரிங்கையே வெட்டிவிட்டார். நீளம் பற்றாததால் டயர் தொங்கும்போது அது தான் உட்காருகிற கிண்ணத்தை விட்டு விலகுகிறது. பெரிய பள்ளத்தில் டயர் தொங்கினால் சாலையிலும் இதேதான் நடக்கும். இப்போது இறக்கும்போது ஒருவர் ஜேக்கின் கைப்பிடியை மெல்ல மெல்லத் திருப்பட்டும், நீங்கள் தள்ளி நின்று டார்ச் அடித்து, ஸ்ப்ரிங் மேலும் கீழும் சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். கோணலாக உட்கார்ந்தால் மறுபடி தூக்கி, ஸ்டாண்டில் வைத்த பிறகு நீளக் கம்பியால் நகர்த்துங்கள், விரலால் வேண்டாம். அப்புறம் அந்தக் காருக்கென்றே செய்த ஸ்ப்ரிங் நாலும் மாற்றுங்கள், கொஞ்சம் தாழ்வாக வேண்டுமென்றால் அதிலும் இருக்கிறது. அதுவரைக்கும் ஓட்டாதீர்கள்.

---

செத்தாபாக்_மைவி எழுதியது:

இறக்கிவிட்டோம், இடது பக்கம் இரண்டாவது தடவைதான் சரியாக உட்கார்ந்தது. காரை மாமா வீட்டிலேயே விட்டுவிட்டு அவர் மோட்டாரில் வீட்டுக்கு வந்தேன். கார் எங்கே என்று அப்பா கேட்கிறார்.