1959 மொறிஸ் மைனர் ட்ரவலர்: மரச்சட்டமா, எஞ்சினா, எதை முதலில் எடுப்பது?

கேள்வி: மானிப்பாய்_ட்ரவலர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்திடம் 1959ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் ட்ரவலர் ஒன்று இருக்கிறது, 948 சி.சி. எஞ்சினும் மரச்சட்டத்தாலான பின்பகுதியும் கொண்ட ஸ்ரேஷன் வாகன். அப்பப்பா வாங்கி, பின்னர் அப்பா ஓட்டிய இந்தக் கார், தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராதிருந்த காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடியது. அப்பாவின் மறைவுக்குப் பின் கொட்டகையிலேயே நின்றுவிட்ட அதை, அம்மாவைக் கோயிலுக்கும் உறவினர் வீடுகளுக்கும் அழைத்துச் செல்லும் நிலைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். கண்காட்சிக்கு வைக்கும் எண்ணம் இல்லை.

வலப்பக்கக் கீழ்ச்சட்டத்தில் திருப்புளியை அழுத்தினால் உள்ளே இறங்குகிறது. பின்கதவுகள் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் தொங்குகின்றன. கைபிடியால் சுற்றினால் எஞ்சின் சுழல்கிறது. பிரேக் மிதி தரைவரை போகிறது. மரம் அழகுக்காக வைத்ததுதான் என்றும் முதலில் தகட்டு வேலையை முடித்துப் பெயின்ற் அடிக்கலாம் என்றும் கராஜில் சொல்கிறார்கள். ஊர்த் தச்சர் ஒருவர் முதிரையில் சட்டம் செய்து தரலாம் என்கிறார். எந்த வேலையை முதலில் எடுப்பது, எந்த மரத்தைப் பயன்படுத்துவது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: பழைய_பட்டறை

தம்பி, இந்த நிலையில் பெயின்ற் அடிக்க விடாதீர்கள். ட்ரவலரில் நாம் காணும் மரம் அழகுக்காக வைத்தது அன்று. 1953 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்ட இந்த வகையில், முன்கதவுகளுக்குப் பின்னாலுள்ள உடல் முழுவதும் ஆஷ் என்ற மேலைநாட்டு மரத்தாலான சட்டத்தின் பலத்திலேயே நிற்கிறது. பக்கத் தகடுகளும் கூரையின் பின்பாதியும் அந்தச் சட்டத்தில் பொருத்தப்பட்ட அலுமினியத் தகடுகள். பிரித்தானியாவின் வாகனத் தகுதிச் சோதனைகளில் உக்கிய மரத்தைத் துருப்பிடித்த சேசிஸுக்கு ஒப்பான குறையாகவே கணித்து வந்திருக்கிறார்கள். பின்கதவுகள் தொங்குவதையும் கீழ்ச்சட்டம் மெத்தென்றிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், சட்டம் தன் இடத்தைவிட்டு அசைந்திருக்கிறது என்றே கருத வேண்டும்.

பக்கக் கண்ணாடிகள் நகரும் தவாளிப்பையும் பாருங்கள். அங்கே தேங்கும் மழைநீர் மெல்லக் கசிந்து, கண்ணாடிக்குக் கீழேயுள்ள நடுச்சட்டத்தை உக்க வைக்கும். அங்கிருந்து மூலைத்தூண்களுக்கும் சில்லுக்கு மேலுள்ள வளைவுக்கும் பரவும். வெளியே வார்னிஷ் மினுங்கும்போதே உள்ளே மரம் தூளாகியிருக்கக்கூடும் என்பதால், கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் ஒவ்வொரு பொருத்தையும் கூரான ஊசியால் குத்திப் பாருங்கள்.

ஆயினும் மரத்துக்கு முன்னால் அடித்தளத்தின் இரும்பைச் சரிசெய்தாக வேண்டும். புதிய சட்டம் அதன் மீதுதான் உட்காரப் போகிறது. கியர்பெட்டிக்குக் கீழே குறுக்காகச் செல்லும் பகுதியையும், பின்பக்க வில்தகடுகள் தொங்கும் இடங்களையும் சுத்தியலால் தட்டிச் சோதியுங்கள். முன்சில்லுகளின் பாரத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் அந்தக் குறுக்குப் பகுதியில்தான் பின்னால் பூட்டப்பட்டுள்ளன. அது துருவினால் தின்னப்பட்டிருந்தால் மற்ற எந்த வேலைக்கும் பொருளில்லை. கடற்காற்றுப் படும் ஊரில் நின்ற வாகனம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தகடுகளுக்காக அஞ்ச வேண்டாம். தொண்ணூறுகளில் நம் நாட்டின் காலியிலேயே மொறிஸ் மைனருக்கான பாகங்களைச் செய்து இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு அனுப்பினார்கள். அத்தகைய கைத்திறன் இங்கே அற்றுப்போய்விடவில்லை.

பதில் 2: வெல்டிங்_நண்பன்

மரத்தை முழுவதுமாக நீக்கிவிட்டு, சதுர இரும்புக் குழாயால் சட்டம் கட்டி, வெளியே மெல்லிய பலகையை ஒட்டிவிடலாம். செலவும் குறையும், கறையான் பயமும் இருக்காது. நாளாந்தப் பாவனைக்கு இதுவே போதுமானது என்பது என் கருத்து.

பதில் 3: தச்சுக்கலை_மட்டுநகர்

முன்னையவர் நல்லெண்ணத்தோடு கூறியிருக்கிறார். ஆனாலும் நான் இதை ஏற்கவில்லை. இரும்புக் குழாய்க்கும் பலகைக்கும் இடையே நீர் புகுந்தால் அது வெளியேற வழியில்லை. அலுமினியம் ஈர இரும்பைத் தொடும் இடங்களில் அலுமினியமே அரிக்கப்படும். சில ஆண்டுகளில் உள்ளே துருவும் வெளியே உக்கலுமாக இரண்டு நோய்கள் சேர்ந்துவிடும்.

மரத் தெரிவைப் பொறுத்தவரை, ஆஷ் மரத்தின் சிறப்பு அதன் துள்ளும் தன்மை. அதிர்வை வாங்கிக்கொண்டு முறியாமல் நிற்பதால்தான் மேலைநாடுகளில் கோடரிப் பிடிகளுக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் ஈரத்தையும் பூச்சியையும் அது தாங்காது. நம் வெப்பத்துக்கும் மாரிமழைக்கும் உகந்த மரம் அன்று. முதிரை நீடித்து உழைக்கும் என்றாலும் மிகுந்த கனம். பின்பகுதியின் நிறை கூடும், உளியும் விரைவில் மழுங்கும். நான் தேக்கையே தேர்வேன். நிறையில் ஆஷுக்கு அண்மையானது, கறையானையும் பெருமளவு எதிர்க்கும்; ஆனால் நன்கு விளைந்து வைரம் பாய்ந்ததாக, நேரான இழையுள்ளதாக இருக்க வேண்டும். துள்ளும் தன்மை தேக்கில் குறைவு என்பதால், பழைய சட்டத்தின் தடிப்பை எந்த இடத்திலும் குறைக்காதீர்கள். மேலும், தேக்கின் எண்ணெய்த்தன்மை பசையைப் பிடிக்க விடாது. ஒட்டுவதற்குச் சற்று முன்னர் பொருத்துகளை அசிற்றோனால் துடைத்துவிட்டு எப்பொக்சிப் பசையைப் பூசுங்கள்.

உக்கிய துண்டையும் எறிய வேண்டாம். அளவெடுப்பதற்கு அதுவே உங்கள் அச்சு. இரண்டு பக்கங்களையும் ஒரே நேரத்தில் கழற்றவே கூடாது. கூரைக்கு முட்டுக்கொடுத்து, கதவு வாயில்களின் குறுக்கே கம்பு அடித்து நிலைநிறுத்திய பின் ஒரு பக்கத்தை முடித்து, பின்கதவுகளை மாட்டி இடைவெளி சரியா என்று பார்த்த பிறகே மறுபக்கத்துக்குச் செல்லுங்கள்.

பதில் 4: எஞ்சின்_ஆர்வலர்

மண்ணெண்ணெயில் ஓடியதாகக் கூறியதால் எஞ்சினைப் பற்றி எழுதுகிறேன். அந்த நாள்களில் சிறிதளவு பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இத்தகைய பழைய எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவு என்பதால்தான் அது இயன்றது. ஆனால் முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி, கீழே உள்ள எண்ணெயை நீர்க்கச் செய்யும். அதனால் பிஸ்ரன் வளையங்களும் கிராங்கின் பெயரிங்குகளும் தேயும். வால்வுகளில் கரி படியும். கைபிடியில் சுழல்கிறது என்பது நல்ல செய்தியே. என்றாலும் உடனே முடுக்கிப் பார்க்க வேண்டாம். பழைய எண்ணெயை வடித்து, பிளக் துளைகளில் சிறிது எண்ணெய் விட்டுச் சுழற்றி, பின்னர் தலைப்பகுதியைக் கழற்றிச் சிலிண்டர்களை அளந்து பாருங்கள். அவற்றின் மூல விட்டம் 62.9 மில்லிமீற்றர். தலைப்பகுதி கழன்றிருக்கும்போதே, ஈயமற்ற பெற்றோலைத் தாங்கும் கடினமான எக்சோஸ்ற் வால்வு இருக்கைகளைப் பொருத்திவிடுவது நல்லது.

பிரேக் எல்லாவற்றிலும் முக்கியம். மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், சேசிஸ் சட்டத்துக்குள் மறைந்திருக்கிறது. முறுக்குக் கம்பி குறுக்கே நிற்பதால் அதன் ஆணிகளைக் கழற்றுவது தொல்லையான வேலை. அதனால் அடித்தள வேலைக்காகக் கம்பி இறக்கப்படும்போதே அதையும் மாற்றிவிடுங்கள். உங்கள் வாகனத்தின் முன்பிரேக் டிரம்கள் 7 அங்குலம். 1962இல் வந்த 1098 சி.சி. வகையின் 8 அங்குல டிரம்கள் கிடைத்தால், அம்மாவை ஏற்றிச் செல்லும் காருக்கு அவற்றையே பொருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மானிப்பாய்_ட்ரவலர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பெயின்ற் வேலையை நிறுத்திவிட்டு, அடித்தளத்தைச் சோதிக்க ஏற்பாடு செய்கிறேன். தச்சரிடம் தேக்கு என்றே சொல்லிவிடுகிறேன். மட்டுநகர் ஐயாவிடம் இன்னுமொரு கேள்வி: புதிய சட்டத்துக்குப் பழையபடி வார்னிஷ் பூசலாமா?

தச்சுக்கலை_மட்டுநகர்

தடிப்பான வார்னிஷ் நம் வெயிலில் வெடிக்கும். வெடிப்பினூடே நுழையும் நீர் உள்ளேயே தங்கிவிடும். மரத்தில் ஊறும் எண்ணெயையோ, ஈரம் ஆவியாக வெளியேற இடம்விடும் மரப்பூச்சையோ பயன்படுத்துங்கள். தகடுகளை மாட்டுவதற்கு முன்பே, ஆணித் துளைகளின் உட்புறத்துக்கும் குறுக்கே வெட்டிய முனைகளுக்கும் இருமுறை பூசிக் காயவிட வேண்டும், ஏனெனில் நீரை மிகுதியாகக் குடிப்பவை அந்த முனைகளே. அதன் பிறகு ஆண்டுதோறும் மாரி தொடங்குவதற்கு முன் கண்ணாடித் தவாளிப்பைத் துப்புரவாக்கி, மரத்துக்கு ஒரு கை புதுப்பூச்சும் கொடுத்து வாருங்கள்.