பெல்டியர் வைத்துப் பனிநிலை அளக்கும் கருவி: கண்ணாடி போன்ற தகட்டின் வெப்பநிலை ஊசலாடுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. குளச்சலில் கடலோரக் கிடங்கு ஒன்றுக்கான கருவி. டிஇசி1-12706 பெல்டியர் (மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிரும் மாட்யூல்), மேலே மெருகேற்றிய ஸ்டீல் தகடு, அடியில் பிடி100 வெப்பநிலை சென்சார், பனி பிடிப்பதைக் கண்டறிய எதிரே எல்இடியும் போட்டோ டயோடும் (ஒளி உணரி). 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 26.2 டிகிரி, தகடோ 24க்கும் 28க்கும் நடுவே ஆடுகிறது. வெப்பநிலையை நிலைநிறுத்தும் பிஐடி கட்டுப்பாட்டில் டி-யை (மாற்றத்தின் வேகத்தைப் பார்த்துத் திருத்தும் பகுதி) கூட்டினால் சென்சார் இரைச்சல்தான் பெருகுகிறது.

4 டிகிரி இறக்க இந்த 40 மி.மீ. மாட்யூல் மிகப் பெரிது என்றே நினைக்கிறேன். சிறியதுக்கு மாறணுமா, இல்லை பிடபிள்யூஎம்மை (விட்டுவிட்டு வரும் மின்துடிப்பு) எல்சி ஃபில்டர் (அதைச் சீராக்கும் சுருள்-மின்தேக்கிச் சுற்று) வழியே கொடுத்து 1 ஆம்பியருக்குள் கட்டினால் போதுமா?

அதைவிடப் பெரிய கவலை உப்புக்காற்று. தகட்டில் உப்பு படிந்தால் பனி முன்னதாகவே பிடிக்கும், அளவு கூடுதலாகக் காட்டும். மின்திசையை மாற்றிச் சூடாக்கினால் ஈரம் போகும், உப்பு போகாது. காய்ச்சி வடித்த நீரில் துடைப்பது தவிர வேறு வழி உண்டா? கடற்கரையில் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.