1979 பத்மினி: எதை மாற்றலாம், எதைத் தொடாமல் விடலாம்?

கொழிஞ்சாம்பாறைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். தாத்தா 1979இல் புதிதாக வாங்கிய பிரீமியர் பத்மினி வீட்டில் இருக்கிறது. ஆர்.சி. அப்பா பெயரில், புதுப்பித்து வைத்திருக்கிறோம். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிக்கு இளநீர் வியாபாரம் பேசப் போய்வந்த வண்டி, சில வருஷமாகக் கொட்டகையில் நிற்கிறது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது. டிரைவர் பக்கத் தரைத்தகடும், கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டியும் துருப்பிடித்துவிட்டன, மற்றபடி பாடி நேராக இருக்கிறது.

வாரத்துக்கு இரண்டு நாளாவது ஓட்டுகிற வண்டியாக இது மாற வேண்டும் என்பதுதான் ஆசை. மனதில் வைத்திருப்பது: முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், நல்ல ஹெட்லைட், ஸ்டியரிங்கில் இருக்கும் கியரைக் கீழே இறக்குவது, முடிந்தால் ஜிப்ஸியின் 1.3 எஞ்சினையும் கியர்பாக்ஸையும் உட்காரவைப்பது.

வேலை தொடங்கிய நாளிலிருந்து எல்லாவற்றையும் இங்கே படத்தோடு போடப்போகிறேன். பத்மினி என்று தேடினால் பெயிண்ட் மின்னுகிற படங்கள் எத்தனையோ கிடைக்கின்றன, ஆனால் எந்த போல்ட் போட்டார்கள், பிராக்கெட் என்ன தடிமன், ஒரு மழைக்காலம் ஓடிய பிறகு வண்டி எப்படி இருந்தது என்று எழுதியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. என்னுடைய பதிவைப் பார்த்து இன்னொருவர் தன் வண்டியில் வேலை செய்ய முடிய வேண்டும். அதனால் எதில் கை வைக்கலாம், எதில் கூடாது, பதிவை எப்படி எழுதினால் உபயோகமாக இருக்கும், இந்த இரண்டையும் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வாளையார் வழி எழுதியது:

எஞ்சின் மாற்றும் யோசனையை இப்போதே கைவிட்டுவிடுங்கள் என்பேன். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது என்ற வழக்கு நம் கேரள உயர் நீதிமன்றத்திலிருந்துதான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, 2019 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. விதிகளைக் காட்டிச் சட்டத்தைத் தாண்ட முடியாது, ஆர்.சி.யில் தயாரிப்பாளரின் விவரப்படி பதிவானதை மாற்ற முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அதே வருஷம் சட்டத்தில் 182ஏ என்ற பிரிவும் சேர்ந்தது. அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. பழுதான எஞ்சினுக்குப் பதில் அதே வகை எஞ்சின் போடுவதற்கே ஆர்.டி.ஓ.விடம் முன்அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் எண்ணை மாற்ற வேண்டும். வேறு கம்பெனி எஞ்சின் என்றால் பேச்சுக்கே இடமில்லை. இன்சூரன்ஸ்காரர்களும் விபத்து நடந்தால் முதலில் இதைத்தான் பிடிப்பார்கள்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 2021இல் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆன சொந்த உபயோக வண்டி, சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் இருந்தால் வின்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிந்தால் "வி.ஏ." என்ற எழுத்து வரும் தனி நம்பர். பத்து வருஷம் செல்லும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்று விதியில் இருக்கிறது. அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது, அதனால் நீங்கள் அந்தப் பக்கம் போகாமலும் இருக்கலாம். ஆனால் உங்கள் வண்டிக்கு 50 வயது ஆகப்போகிற நேரத்தில் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டால் அந்தக் கதவு நிரந்தரமாக மூடிவிடும். உங்கள் பிள்ளைகள் அந்த முடிவை எடுக்கட்டும்.

பழைய ஸ்பானர், பொள்ளாச்சி எழுதியது:

தம்பி, டிஸ்க் பிரேக் பற்றிச் சொல்கிறேன். பியட்டுக்கு, அதாவது உங்கள் பத்மினிக்கு, நாலு சக்கரத்திலும் ட்ரம்தான், அந்த 1089 சிசி எஞ்சினுக்கும் வண்டியின் எடைக்கும் அது போதும் என்றுதான் வைத்திருக்கிறான். இப்போது பிரேக் பிடிக்கவில்லை என்று என்னிடம் வருகிற பியட்டில் பாதிக்கு மேல் ட்ரம் முட்டைவடிவமாகத் தேய்ந்திருக்கும், இல்லை வீல் சிலிண்டர் கப் கசிந்து லைனிங்கில் எண்ணெய் ஏறியிருக்கும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். எல்லா வீல் சிலிண்டருக்கும் புதுக் கப், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதுசு, பிரேக் ஆயில் முழுதாக மாற்றம். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும், அதனால் வருஷக்கணக்கில் நின்ற வண்டியின் ஆயிலை நம்பவே கூடாது.

ட்ரம்மை லேத்தில் கடைந்த பிறகு ஷூ (லைனிங் ஒட்டிய வளைவுப் பட்டை) முழுதாகப் படிகிறதா என்று பார்க்கும் வழியைச் சொல்கிறேன், பலரும் இதைச் செய்வதில்லை. புது லைனிங் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சாக்பீஸ் தேயுங்கள். ட்ரம்மை மாட்டி, ஷூ லேசாகப் பிடிக்கும்படி வைத்து, கையால் சுற்றுங்கள். பிறகு கழற்றிப் பாருங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் ட்ரம்மைத் தொடுகிற இடம். நடுவில் மட்டும் அழிந்து இரண்டு ஓரமும் வெள்ளையாகவே நின்றால், அந்த வண்டி பிரேக் மிதித்தால் மெதுவாகத்தான் நிற்கும். அழிந்த இடத்தை எமரி பேப்பரால் கொஞ்சமாகத் தேய்த்து, மறுபடி சாக்பீஸ் பூசி, ஓரம் முதல் ஓரம் வரை அழியும் வரைக்கும் செய்ய வேண்டும். தூசியை ஊத வேண்டாம், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணியால் துடையுங்கள்.

இதற்கப்புறமும் டிஸ்க் வேண்டும் என்றால் சும்மா காலிப்பரை (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) தொங்கவிட்டால் ஆகாது. ட்ரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் லைனுக்குள் கொஞ்சம் அழுத்தம் தேங்கி நிற்கும்படி ஒரு வால்வு இருக்கும், டிஸ்க்குக்கு அது இருந்தால் பேடு விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். ட்ரம்மில் ஷூ தானே இழுத்துப் பிடிக்கிற குணம் டிஸ்க்கில் கிடையாது, பெடலை அதிகம் மிதிக்க வேண்டும், அதனால் பூஸ்டர் கேட்கும். ஹப்பில் போல்ட் வட்டம் ஒத்துப்போகிறதா, ரிம் உள்ளே காலிப்பர் இடிக்கிறதா என்று அளந்து பார்த்துத்தான் சாமான் வாங்க வேண்டும்.

கியரைக் கீழே இறக்குவது வேண்டாம் என்றே சொல்வேன். ஸ்டியரிங் கியர் விழ மாட்டேன் என்கிறது என்றால் லிங்கேஜில் இருக்கும் புஷ் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். நைலானில் புது புஷ் கடைந்து போட்டுப் பாருங்கள், ஒரு விரலில் விழும்.

கம்பம் அம்பாசடர் எழுதியது:

மேலே ஐயா சொன்னதில் பெரும்பகுதி ஒப்புக்கொள்கிறேன், டிஸ்க் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. கொழிஞ்சாம்பாறை சமவெளி, அங்கே ட்ரம் போதும். நான் குமுளி மலைப்பாதையில் மாதக்கணக்கில் ஏறி இறங்குகிறவன். இறங்கும்போது கியரில் பிடித்தாலும், முன்னால் ஒரு லாரி ஊர்ந்தால் பிரேக் சூடாகிவிடும், சூடான ட்ரம் விரிந்து பெடல் கீழே போகும். நெல்லியாம்பதி, மூணாறு என்று நீங்கள் ஏறுவதாக இருந்தால் அதை நினைத்து முடிவு செய்யுங்கள், ஊருக்குள் ஓட்ட மட்டும் என்றால் செலவு வீண்.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. இப்போது கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பருக்கு எத்தனால் ஒத்துக்கொள்ளாது. பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், டியூப், கார்புரேட்டர் கேஸ்கெட் எல்லாம் ஊறி மெதுவாகிவிடும். டேங்கில் வருஷக்கணக்காகப் படிந்த அழுக்கையும் எத்தனால் கிளப்பிவிட்டு ஜெட்டை அடைக்கும். சில வருஷம் நின்ற வண்டி என்பதால் முதலில் டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள், டியூப் எல்லாம் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள், பம்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர் போடுங்கள். பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருப்பதால் வெயிலில் மலை ஏறும்போது பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றிக் காத்திருந்தால் மறுபடி கிளம்பும். மேனிஃபோல்டுக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு தகட்டுத் தடுப்பு வைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும், எந்தச் சட்டத்துக்கும் அது உறுத்தாது.

ஹெரால்டு வீடு, கோவை எழுதியது:

பதிவு எழுதுவது பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லை, எனக்கு அதில்தான் அக்கறை. எங்கள் வீட்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது, சென்னையில் அசெம்பிள் ஆனது. வாங்கியபோதே முந்தைய ஓனர் கொடுத்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்டீரியோவுக்காக டேஷ்போர்டை அறுத்திருந்தார்கள். அசல் வடிவம் என்ன, எங்கே எவ்வளவு வெட்டினார்கள் என்று ஒரு காகிதமும் இல்லை. அதைப் பழையபடி செய்ய, இதே மாடல் வைத்திருக்கும் ஒருவர் தன் டேஷ்போர்டை அட்டையில் அச்செடுத்து அனுப்பியதால்தான் முடிந்தது. அதனால் நான் கேட்பது இதுதான், போல்ட்டில் மாட்டி போல்ட்டிலேயே கழற்றக்கூடிய மாற்றமாகச் செய்யுங்கள், கழற்றிய அசல் பாகத்தை எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, எங்கே இருந்தது என்று சீட்டுக் கட்டி வையுங்கள்.

படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வையுங்கள். அழகான படத்தைவிட ஸ்கேல் வைத்த படத்துக்கு மதிப்பு அதிகம். ஒயரைப் பிடுங்குவதற்கு முன்னால் எந்த நிறம் எந்த முனையில் என்று டேப் ஒட்டி எழுதிவிட்டு ஒரு படம், பிடுங்கிய பிறகு இன்னொரு படம். போல்ட் என்றால் விட்டம், மரை இடைவெளி, நீளம் மூன்றும் எழுதுங்கள். பியட் எம்.எம். கணக்கு, அம்பாசடரும் எங்கள் ஹெரால்டும் இன்ச் கணக்கு, அதை எழுதாமல் விட்டால் படிக்கிறவர் தப்பான மரையை ஏற்றிப் பாழாக்கிவிடுவார். கடையில் வாங்கிய பாகம் என்றால் டப்பாவில் இருக்கும் பார்ட் நம்பரையும் படம் எடுங்கள், உக்கடத்திலோ புதுப்பேட்டையிலோ பழைய சாமான் வாங்கினால் அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கேட்டு எழுதுங்கள். சரிவராமல் போனதையும் போடுங்கள், பொருந்தாத பாகத்தின் பெயர் தெரிந்தால் அடுத்தவருக்குப் பணம் மிச்சம். நம்பர் பிளேட்டையும் சேசிஸ் எண்ணையும் மட்டும் மறைத்துவிடுங்கள்.

அப்புறம் அந்தத் துரு. பத்மினிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, அந்தச் சில் பெட்டிதான் பாடியைத் தாங்குகிறது. பட்டி போட்டு மூட யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளியில் குறுக்கே ஒரு இரும்புக் குழாயை டேக் வெல்டு வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பாடி தொய்ந்து கதவு பிறகு சாத்தவே சாத்தாது. கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகளைத் திறந்து விடுங்கள், துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விரிவாக யாரும் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அப்பாவிடமும் படித்துக் காட்டினேன், எஞ்சின் மாற்றம் வேண்டாம் என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம். முடிவு இதுதான்: சில் பெட்டி வெல்டிங் முதலில், பிறகு டேங்க், பெட்ரோல் லைன், ட்ரம் பிரேக் முழு வேலை. டிஸ்க்கும் ஸ்டியரிங் கியரும் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். ஆல்டர்னேட்டரும், நல்ல வெளிச்சத்துக்கு ஹெட்லைட் ரிலேயும் மட்டும் பாக்கி. பழைய ஸ்பானர் அண்ணா, இந்த இரண்டில் கவனிக்க வேண்டியது என்ன?

பழைய ஸ்பானர், பொள்ளாச்சி எழுதியது:

நல்ல முடிவு தம்பி. டைனமோ ஐடிலில் சார்ஜ் ஏற்றாது, ராத்திரி சிக்னலில் நின்றால் லைட் மங்கும், அதனால் ஆல்டர்னேட்டர் நல்ல மாற்றம்தான். புல்லியின் நடு க்ராங்க் புல்லியோடு நேர்கோட்டில் நிற்கிறதா என்று ஒரு நேரான பட்டியை வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் பெல்ட் தின்றுவிடும். டைனமோவுக்கான பழைய கட்-அவுட் பெட்டியை ஒயரிங் சுற்றிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் ஒயரைப் பழையதிலேயே விடாதீர்கள், கரண்ட் அதிகம், தடித்த ஒயரும் நடுவில் ஒரு ஃப்யூஸும் வேண்டும்.

லைட்டுக்கு 60/55 வாட் பல்பு இரண்டு என்றால் ஹை பீமில் 120 வாட், அதாவது சுமார் 10 ஆம்பியர். அவ்வளவும் அந்தப் பழைய ஸ்விட்ச் வழியாகவே போனால் ஸ்விட்ச் சூடாகிக் கருகும், வெளிச்சமும் மஞ்சளாகத்தான் வரும். ஹைக்கு ஒன்று, லோவுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுங்கள். அசல் ஒயரை வெட்டாதீர்கள், ஹெட்லைட் பின்னால் இருக்கும் சாக்கெட்டைக் கழற்றி ரிலேயில் செருகினாலே போதும். அந்தப் படத்தை ஸ்கேலோடு போடுங்கள், எனக்கும் இரண்டு பேருக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.