எந்த நீளத்துக்கு எந்த அலகு? மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிப் புரிய வைப்பது?

தக்கலை அம்மா

மகள் மூன்றாம் வகுப்பு. ஸ்கேலைக் கையில் கொடுத்தால் சரியாக அளக்கிறாள். நூறு சென்டிமீட்டர் ஒரு மீட்டர், ஆயிரம் மீட்டர் ஒரு கிலோமீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் 'பொருத்தமான அலகை எழுதுக' என்று கேள்வி வந்தால் மட்டும் வாய்க்கு வந்ததை எழுதிவிடுகிறாள். பென்சில் 15 மீட்டராம், தென்னை மரம் 12 சென்டிமீட்டராம், தக்கலையிலிருந்து நாகர்கோவில் 15 மீட்டராம். சின்னதுக்கு சென்டிமீட்டர், பெரியதுக்கு மீட்டர், தூரத்துக்குக் கிலோமீட்டர் என்று ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். அப்படியானால் எங்கள் வாசலுக்கும் கிணற்றுக்கும் நடுவில் இருப்பதும் தூரம்தானே, கிலோமீட்டர் எழுதலாமா என்று கேட்கிறாள். வீட்டில் எல்லாரும் அடி, இஞ்ச் என்று பேசுவதும் அவளைக் குழப்புகிறதோ என்னவோ. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

கல்குளம் டீச்சர்

உங்கள் மகளுக்கு அலகுகளின் பெயர் தெரிகிறது, ஒரு மீட்டர் என்றால் எவ்வளவு என்பது கண்ணிலும் கையிலும் இன்னும் வரவில்லை. நூறு சென்டிமீட்டர் ஒரு மீட்டர் என்ற வாய்ப்பாடு இதற்கு உதவாது, கொஞ்ச நாள் அதைத் தொடாதீர்கள்.

ஒரு தென்னை ஓலையை எடுத்து ஈர்க்கில் சீவுங்கள். நீளமான ஒன்றை டேப் வைத்து ஒரு மீட்டருக்கு நறுக்குங்கள், இன்னொன்றைப் பத்து சென்டிமீட்டருக்கு, மிச்சத்தை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக. நறுக்குவதை அவளே செய்யட்டும், அதில்தான் விஷயமே இருக்கிறது. மீட்டர் ஈர்க்கிலைத் தரையில் ஊன்றி அவள் பக்கத்தில் நிறுத்தினால் தோள் பக்கம் வரும். சென்டிமீட்டர் துண்டு அவள் சுண்டுவிரல் அகலம் இருக்கும். மில்லிமீட்டருக்கு ஏ.டி.எம். கார்டின் ஓரத்தைக் காட்டுங்கள், அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கிலோமீட்டரை மட்டும் காட்ட முடியாது, நடக்க வைக்க வேண்டும். வீட்டிலிருந்து சரியாக ஒரு கிலோமீட்டரில் என்ன இருக்கிறது என்று வண்டி மீட்டரில் பார்த்து வைத்துக்கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகு அங்கே வரை கூட்டிப் போங்கள். கால் வலிக்குது என்று சொல்வாள் பாருங்கள், அதற்கப்புறம் கிணற்றங்கரைக்குக் கிலோமீட்டர் எழுத மாட்டாள்.

அடுத்து, 'எந்த அலகு' என்று கேட்காதீர்கள். 'இந்தக் கட்டிலை எந்த ஈர்க்கிலால் அளக்கலாம் மக்கா, எத்தனை வரும்?' என்று கேளுங்கள். சின்னத் துண்டை எடுத்து வைக்க ஆரம்பித்தால் பத்து பதினைந்திலேயே சலித்துப்போய்ப் பெரிய ஈர்க்கிலைத் தானாகத் தேடுவாள். எண்ணி முடிக்கிற மாதிரி எண் வர வேண்டும், அலகைத் தேர்ந்தெடுப்பது அதற்காகத்தான். இதை நாம் விதியாகச் சொன்னால் பிள்ளை மனப்பாடம் செய்யும், கை சலித்தால் தானே கண்டுபிடிக்கும்.

மார்த்தாண்டம் ஆசாரி

டீச்சர் சொன்னது சரி. அடி, இஞ்சை வீட்டில் நிறுத்த வேண்டாம் அக்கா, ஒரு அடி என்பது அவள் பையில் இருக்கும் 30 சென்டிமீட்டர் ஸ்கேலைவிட அரை சென்டிமீட்டர்தான் கூடுதல். எங்கள் வேலையில் ஒரே பிளைவுட் பலகைக்கு எட்டு அடி, நாலு அடி, 18 மில்லிமீட்டர் என்றுதான் சொல்வோம், யாருக்கும் குழப்பம் வருவதில்லை. வீடு கட்டும் இடத்துக்குக் கூட்டிப் போய்க் கம்பியைக் காட்டுங்கள். 12 எம்.எம். கம்பி முழு நீளத்தில் 12 மீட்டர் வரும். எண் இரண்டுக்கும் ஒன்று. எது தடிமன், எது நீளம் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். அலகை மாற்றிப்போட்டால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாக எதிலும் காட்ட முடியாது.

குலசேகரம் ரப்பர் தோட்டம்

'பெரியதுக்கு மீட்டர்' என்பதை விட்டுவிடுங்கள். எங்கள் பக்கம் ஒரு ரப்பர் மரத்துக்கே மூன்று அலகு வேண்டும். உயரம் மீட்டரில். பால் வெட்டத் தயாரா என்று பார்க்க மரத்தின் சுற்றளவைக் கயிறோ டேப்போ போட்டுச் சென்டிமீட்டரில் பார்ப்போம். ஒட்டுக்கன்று என்றால் ஒட்டிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில் சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்திருக்க வேண்டும். கத்தி வைத்துப் பட்டையைச் சீவுவது ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர், ஆழம் கூடிப்போனால் மரத்தில் காயம். பிள்ளையிடம் மரத்தைக் காட்டி என்ன அலகு என்று கேட்டால் எப்படிச் சொல்லும்? மரத்தில் எதை அளக்கப் போகிறோம் என்று கேளுங்கள்.

தக்கலை அம்மா

எல்லாருக்கும் நன்றி. ஈர்க்கில் இன்றைக்கே சீவுகிறோம். இன்னொன்று கேட்க வேண்டும். வகுப்புத் தேர்வில் கதவின் உயரத்துக்கு '200 சென்டிமீட்டர்' என்று எழுதியிருக்கிறாள். மீட்டர் என்று திருத்தித் தப்பு போட்டிருக்கிறார்கள். அது உண்மையிலேயே தப்பா?

கல்குளம் டீச்சர்

தப்பில்லை. 200 சென்டிமீட்டர் என்று ஒரு கதவின் உயரத்தை ஒரு பிள்ளை மதிப்பிட்டு எழுதினால் நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். கதவு 200 மீட்டர் என்று எழுதினால்தான் கவலைப்பட வேண்டும். பள்ளியில் எடுக்கும் உயரக் கணக்கே சென்டிமீட்டரில்தான், 126 சென்டிமீட்டர் என்று எழுதுகிறோம், மீட்டரைத் தாண்டிவிட்டதே என்று மாற்றுவதில்லை, ஏனென்றால் வருஷத்துக்கு நாலைந்து சென்டிமீட்டர் வளர்வதைத்தானே பார்க்க வேண்டியிருக்கிறது. மழையும் அப்படித்தான், வருஷ மொத்தம் ஆயிரத்தைத் தாண்டினாலும் மில்லிமீட்டரிலேயே சொல்கிறோம். ஆசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், விடைத்தாளை எடுத்துப்போய் ஏன் அப்படி எழுதினாள் என்று அவளையே சொல்ல வையுங்கள். கேட்டால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

கன்னியாகுமரிக்குப் போனால் ஒரு வேலை கொடுங்கள். வள்ளுவர் சிலை 133 அடி, அதில் பீடம் 38, சிலை 95. விவேகானந்தர் பாறைக்கும் சிலைக்கும் நடுவில் உள்ள கண்ணாடிப் பாலம் 77 மீட்டர். பாலத்தில் நடந்துகொண்டே, இந்த 133 அடி மீட்டரில் 40 இருக்குமா 400 இருக்குமா, பாலத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் யாருக்காவது புரியுமா என்று பேச்சுக் கொடுங்கள். கணக்குப் போட வைக்காதீர்கள், அண்ணாந்து பார்த்துச் சொல்லட்டும்.

குளச்சல் வள்ளக்காரன்

டீச்சர், கடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலைக் கண்ணி மில்லிமீட்டரில், ஆழம் பாகத்தில், அதாவது இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம், தூரம் நாட்டிக்கல் மைலில், அது 1.852 கிலோமீட்டர். எங்கள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வீட்டுப் பேச்சு. வகுப்பில் கேட்டுப் பாருங்கள், அவர்களே எழுந்து சொல்லிக் கொடுப்பார்கள்.