எட்டு வயது வேகன் ஆருக்கு 62 இலட்சம்: இப்போது வாங்குவதா, விலை இறங்கும்வரை நிற்பதா?

சுன்னாகத்தான் (2025 ஜூன்)

2017 வேகன் ஆர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஒரே ஆள் பாவித்தது, 74 ஆயிரம் கிலோமீற்றர் ஓடியிருக்கிறது, கொழும்பில் பதிந்த வாகனம். கேட்கும் விலை 62. இதே ரகக் காரை, அது இரண்டு வயதாக இருந்தபோது, 2019இல் என் மச்சான் 38க்கு வாங்கினவர். எட்டு வயதான காருக்கு இரண்டு வயதில் இருந்ததை விட விலை கூட என்றால் என்ன கணக்கு இது?

மாமா சொல்கிறார், பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறந்தாச்சு, கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறது, ஆறு மாதம் பொறு, பாதி விலைக்கு வரும் என்று. மனைவி சொல்கிறா, இதைத்தான் மாமா 2023இலும் சொன்னவர் என்று. யார் சொல்வதைக் கேட்பது?

வடமராட்சிக் கணக்கன்

உங்கள் மனைவி சொல்வதை.

பழைய காரின் விலையை வயதா தீர்மானிக்கிறது? அந்தக் கார் இல்லாவிட்டால் வேறு எதை, என்ன விலைக்கு வாங்கலாம் என்பதுதான் தீர்மானிக்கிறது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து ஐந்து வருடம் நாட்டுக்குள் இருந்த கார்தான் கார். விபத்தில் ஒன்று போனால் ஒன்று குறைந்தது, அதற்கு மாற்று வரவில்லை. இதற்கிடையில் 2022இல் ரூபாய் விழுந்தது. 203இல் பிடித்து வைத்திருந்த டொலர் மார்ச்சில் கையை விட்டதும் மே மாதம் 360ஐத் தொட்டது. கார் விலை ஏறியது என்கிறோம். காசின் பெறுமதி இறங்கியது என்றும் சொல்லலாம்.

இப்போது திறந்திருக்கிறது, சரி. ஆனால் இந்த 2025இல் என்ன வரியோடு? சுங்கத் தீர்வை 20 சதவீதம், அதன் மேல் மிகைவரியாக அந்தத் தீர்வையில் பாதி. அப்புறம் இயந்திரத்தின் சிசியைப் பார்த்துப் போடும் உற்பத்தி வரி. எல்லாம் கூட்டி வந்த தொகைக்கு மேல் 18 சதவீதம் வற், அதாவது பெறுமதி சேர் வரி. இவ்வளவும் கட்டி வரும் புதுக் காரின் விலைதான் கூரை. பழைய கார் அந்தக் கூரைக்குக் கீழேதான் நிற்கும், ஆனால் கூரை இறங்காமல் அதுவும் பெரிதாக இறங்காது.

காத்திருப்போன்

கணக்கன் அண்ணை கூரையைப் பற்றிச் சொன்னார், கூரைக்கு மேலே ஏறி நின்ற காலத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

2022 தொடக்கத்தில் இருந்த விலை கணக்குப் பார்த்து வந்த விலையா? சனம் காசை வங்கியில் வைத்தால் கரைந்து போகும் என்று பயந்து காரில் போட்டது. காணி வாங்க முடியாதவன் கார் வாங்கினான். ஓட்டுவதற்கில்லை, காசைக் காப்பாற்ற. அந்த வருடம் ஏப்ரலில் மத்திய வங்கி ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி வட்டியைக் கூட்டியது. லீசிங் என்ற தவணைக் கடனை யாராலும் எடுக்க முடியவில்லை. பெற்றோல் 470 ரூபாய், அதுவும் வரிசையில் இரவு படுத்தால்தான். இறக்குமதி திறக்காமலேயே கார் விலை இறங்கியது. அப்போது உங்கள் கூரை எங்கே போனது? வாங்க ஆள் இல்லையென்றால் இறங்கும், அவ்வளவுதான்.

வவுனியா அக்கா

தம்பி சொல்வதற்கு நானே சாட்சி. எங்களிடம் ஓர் ஆல்ட்டோ 800 இருந்தது. 2019இல் பாவித்த காராக 19 இலட்சத்துக்கு வாங்கினது. 2022 ஜனவரியில் ஒருவர் வாசலில் வந்து நின்று 34 தருகிறேன் என்றார். கணவர் 'இன்னும் ஏறும்' என்று விடவில்லை. ஆகஸ்டில் பெற்றோலுக்குக் கியூஆர் பங்கீடு வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். அந்த 20 லீற்றரையும் வெளியில் விற்றால் காசு என்று ஓடாத காரைக்கூட வைத்திருந்த ஆட்களைத் தெரியும், அது வேறு கதை. கடைசியில் நாங்கள் வருட முடிவில் 27க்குக் கொடுத்தோம். ஏழு இலட்சத்தைப் பற்றி வீட்டில் இன்றும் கதைப்பதில்லை.

ஆனால் ஒன்று கவனித்தேன். எல்லா வாகனமும் ஒரே மாதிரி இறங்கவில்லை. எங்கள் தெருவில் ஒருவர் பெரிய ஜீப்பை விற்க மாதக் கணக்கில் அலைந்தார். ஆல்ட்டோ இரண்டு நாளில் போய்விட்டது.

வடமராட்சிக் கணக்கன்

அக்கா சொன்னதை ஏற்கிறேன். தம்பிக்கும் பதில்: தேவை விழுந்தால் விலை கூரையிலிருந்து கீழே வரும், மறுக்கவில்லை. ஆனால் இப்போது தேவை விழுகிறதா? மத்திய வங்கியின் கொள்கை வட்டி மே மாதம் 7.75க்கு வந்துவிட்டது. லீசிங் கடைகளில் மறுபடி ஆட்கள். ஐந்து வருடம் கார் வாங்காமல் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வருகிறார்கள். டொலர் 300. டொலர் 180 ரூபாயாக இருந்த காலத்து விலையை மாமா கனவில்தான் பார்க்கலாம்.

காத்திருப்போன்

டொலர், டொலர் என்கிறீர்கள். வேகன் ஆர் என்ன அமெரிக்காவிலிருந்தா வருகிறது?

அது ஜப்பான் கார், யென்னைப் பாருங்கள். 2020 தொடக்கத்தில் ஒரு டொலர் 182 ரூபாய் அளவில், 109 யென் அளவில். அதாவது ஒரு யென் 1 ரூபாய் 67 சதம். இந்தப் பெப்ரவரியில் டொலர் 297 ரூபாய், 152 யென். ஒரு யென் 1 ரூபாய் 95 சதம். ஐந்து வருடத்தில் கூடியது 17 சதவீதம்! ரூபாய் விழுந்தது உண்மை, யென்னும் கூடவே விழுந்தது. அப்படியானால் 38க்குப் போன கார் 44க்குத்தானே வர வேண்டும்? மிச்சம் 18 இலட்சம் யாருடைய பை?

வடமராட்சிக் கணக்கன்

நல்ல கணக்கு, உண்மையாகவே. நான் யென்னைப் பார்க்கவில்லை.

ஆனால் மிச்சம் போன பையைக் காட்டுகிறேன்: திறைசேரியின் பை. உற்பத்தி வரி சிசிக்கு இத்தனை ரூபாய் என்று போடுவது. ஜப்பானில் கார் மலிந்தாலும் அந்த வரி ஒரு சதமும் குறையாது. சின்னக் காரில் காரின் விலையை விட வரிதான் கனம். யென் விழுந்ததன் ஆதாயம் உங்களிடம் வந்து சேரும்போது வாலாக மெலிந்துவிடும். இந்த வரியைக் குறைப்பார்களா? ஐஎம்எப் (சர்வதேச நாணய நிதியம்) கணக்கில் அரசாங்க வருமானத்துக்கு இதைத்தான் நம்பி இருக்கிறார்கள்.

காத்திருப்போன்

திறைசேரி மட்டுமா? கார் விற்கும் சேல்காரர்கள் இல்லையா? பழைய ஸ்டொக்கை மூடி வைத்துக்கொண்டு விலை விழவில்லை என்று படம் காட்டுகிறார்கள்.

மானிப்பாய்க் கராஜ்

பதுக்கல் கதையை விடுங்கள் தம்பி. புதிதாக வரும் வாகனத்தை 90 நாளுக்குள் பதியாவிட்டால் தண்டம். இறக்குமதி செய்பவர் வைத்திருக்க முடியாது. பழைய ஸ்டொக் வைத்திருப்பவர் லீசிங் வட்டி கட்டிக்கொண்டு எத்தனை நாள் மூடி வைப்பார்?

நான் தினமும் வாகனம் பார்க்கிறவன், ஒன்று சொல்கிறேன். மூன்று வயதுக்கு உட்பட்ட கார்தான் உள்ளே வரலாம் என்பது சட்டம். ஆகவே கப்பலில் வருவதோடு நேரடியாகப் போட்டி போடுவது 2018, 2019 கார்கள். அவை ஆட்டம் காணும், இப்போதே காண்கின்றன. 2008 விற்ஸ் வாங்குகிறவன் புதுக் கார் வாங்கப் போவதில்லை. அவன் சந்தையே வேறு, அது அசையாது. சுன்னாகத்தான் பார்க்கும் 2017 நடுவில் நிற்கிறது. அதனால்தான் நீங்கள் இரண்டு பேரும் அடிபடுகிறீர்கள்.

சுன்னாகத்தானுக்கு: இறங்கப் போவது மூன்று நாலு இலட்சம் என்றால், அந்த வித்தியாசம் ஒரு கெட்ட கியர்பொக்ஸில் போய்விடும். முதலில் காரைப் பாருங்கள். பிரேக் பெடல் றப்பர் வழுவழு என்று தேய்ந்திருந்தால் 74 ஆயிரம் பொய். சீற் பெல்ற்றை அடிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற கார். வேகன் ஆரில் அக்வா போலப் பெரிய ஹைபிரிட் பற்றரி இல்லை, அந்தப் பயம் வேண்டாம். கியர்பொக்ஸ் சூடானபின் மெதுவாக ஏற்றத்தில் எடுத்துப் பாருங்கள், உதறினால் விட்டுவிடுங்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தில் விற்கிறவரின் பெயர் இருக்கிறதா? ஓப்பன் பேப்பர், அதாவது விற்கிறவர் தன் பெயருக்கு மாற்றாமல் முந்திய உரிமையாளரின் கையெழுத்தோடு கைமாற்றுவது என்றால் தொடவே வேண்டாம்.

சுன்னாகத்தான்

நேற்றுப் போனேன். புத்தகம் அவர் பெயரில்தான். ஏற்றத்துக்கு இங்கே எங்கே போவது, பாலத்தில் ஏற்றிப் பார்த்தேன், உதறவில்லை. பெடல் றப்பர் மட்டும் புத்தம் புதுசு.

மானிப்பாய்க் கராஜ்

74 ஆயிரத்தில் யார் றப்பர் மாற்றுவது? ஸ்டியரிங் தோல், ஓட்டுநர் இருக்கை ஓரம் பார்த்தீர்களா?

சுன்னாகத்தான்

இருக்கை ஓரம் நைந்திருந்தது. உண்மையில் லட்சத்துக்கு மேல் ஓடியிருக்கும் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுவே பதில். 57க்கு முடித்தோம்.

காத்திருப்போன்

ஐந்து இலட்சம் இறங்கியிருக்கிறது. நான் சொன்னேன் அல்லவா, இறங்கும் என்று!

வடமராட்சிக் கணக்கன்

அது சந்தை இறங்கியதில்லை தம்பி, மீற்றர் ஏறியது.

வவுனியா அக்கா

மாமாவுக்குச் சொல்லியாச்சா?

சுன்னாகத்தான்

இன்னும் இல்லை அக்கா. கார் மச்சான் வீட்டில் நிற்கிறது.